பத்து டொலரும் பச்சை மேலங்கியும்

கணினி விளையாட்டு, கற்பனைப் பாத்திரங்களின் வேடம் புனைதல், சித்திரக்கதை வீரரை ரசிகர் தம் கைப்பட வரைதல் என்பனவற்றைப் பற்றிப் பேச்செழுந்தால் முகஞ்சுளிக்கும் வழக்கம் நமது முற்போக்கு வட்டாரங்களிலே நெடுநாளாக உண்டு. அவை யாவும் முதலாளித்துவம் இளைஞருக்கு ஊட்டும் மயக்க மருந்தென்றும், வாழ்க்கைப் போராட்டத்தினின்றும் தப்பியோடுவோர் புகலிடமென்றும் ஒரே வாக்கியத்திற் கூறி முடித்துவிடுகின்றோம். பின்வாங்கில் அமர்ந்து அப்பியாசக் கொப்பியின் கடைசித் தாளில் முகமூடி வீரனொருவனை வரைந்துகொண்டிருக்கும் மாணவனைக் கண்டு, அக்கொப்பியைப் பறித்து வைத்த ஆசிரியர்கள் நம்முட் பலர். இக்கட்டுரையை எழுதும் நாமும் அக்குற்றத்துக்கு விலக்கல்லோம். ஆயினும், ஒரு பண்பாட்டு நிகழ்ச்சியை வெறுப்பது வேறு. அதன் வரலாற்றை அறிவது வேறு. அவ்வரலாற்றை அறியப் புகுந்தபோது நாம் எதிர்பாராத செய்திகள் சில நமக்குக் கிடைத்தன. இன்று 'கீக்' கலாசாரம் என்ற பெயரால் உலகெங்கும் பெருவணிகமாக விரிந்துள்ள இவ்வுல்லாசம், பொருளாதார மந்த காலத்து அமெரிக்க இளைஞர் சிலரின் கைவேலையாகத் தொடங்கியது. அவருட் சிலர் பொதுவுடைமைவாதிகள். அவர்தம் முதற் சண்டை பத்து டொலர் கூலிக்காக நிகழ்ந்தது.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். 'கீக்' என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஊர்சுற்றும் களியாட்டக் கூடாரங்களில் வழங்கிய சொல். உயிர்க்கோழியின் தலையைப் பல்லாற் கடித்துத் துப்பிக் கூட்டஞ் சேர்க்கும் கூத்தாடியை அது குறித்தது. கூடாரத்திலே அவனினும் தாழ்ந்த தொழிலாளி இல்லை. பின்னர் அது புத்தகப் பூச்சிகளையும் இயந்திரப் பித்தரையும் எள்ளும் சொல்லாயிற்று. அதன் பின்னர் அவர்களே விரும்பிச் சூடிக்கொண்ட பட்டமாயிற்று. அவமதிப்பாக வந்த பெயரைக் கொடியாக உயர்த்துவது ஒடுக்கப்பட்டோர் வரலாற்றிற் புதியதன்று. இவர்கள் உண்மையில் ஒடுக்கப்பட்டோர்தாமா என்ற வினாவுக்கு நாம் பின்னர் வருவோம்.

1904ஆம் ஆண்டில் லக்சம்பேர்க்கிலிருந்து அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்த ஹியூகோ கேர்ண்ஸ்பாக் என்பவர், வானொலி உறுப்புகளை விற்பவராகவும் அத்துறைச் சஞ்சிகைகளை வெளியிடுபவராகவும் விளங்கியவர். 1926 ஏப்ரிலில் அவர் 'அமேசிங் ஸ்ரோரீஸ்' என்னுஞ் சஞ்சிகையைத் தொடங்கினார். விஞ்ஞானக் கற்பனைக் கதைகளுக்கென்றே ஆங்கிலத்தில் வெளிவந்த முதற் சஞ்சிகை அது. மலிந்த தாள், அட்டையிலே பிராங்க் பால் தீட்டிய கண்ணைப் பறிக்கும் வண்ண ஓவியங்கள். கதைகளின் இலக்கியத் தரத்தைப்பற்றி நாம் அதிகம் கூறாமல் விடுவதே அவற்றுக்குச் செய்யும் உபகாரமாகும். வரலாற்றை ஆக்கியவை அக்கதைகளல்ல; பின்பக்கங்களிலே சிற்றெழுத்தில் அச்சேறிய வாசகர் கடிதங்களே. கடிதம் எழுதியோரின் முழு முகவரியையும் கேர்ண்ஸ்பாக் வெளியிட்டார். அதன் விளைவு அவரே எதிர்பாராதது. ஆசிரியருக்கு எழுதிய இளைஞர் ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினர். ஒரே நகரத்தவர் சந்தித்தனர். சந்தித்தோர் கழகம் அமைத்தனர்.

நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்து ஆறு வாரங்கள் கழிந்தபோது, 1929 டிசம்பரில், அந்நகரின் முதலாவது ரசிகர் கழகமான 'சயன்சியர்ஸ்' தோன்றியது. அதன் முதற் தலைவர் வாரன் பிட்ஸ்ஜெரல்ட் என்ற கறுப்பினத்தவர். ஹார்லெமில் இருந்த அவரது இல்லத்திலேயே கழகம் கூடியது. பின்னர் பல பத்தாண்டுகள் பெரும்பாலும் வெள்ளை இளைஞரின் கூடமாகவே இருந்துவிட்ட ஓர் இயக்கத்தின் வாயிலிலே ஒரு கறுப்பினத்தவரின் வீடு நின்றது என்பதை அவ்வியக்கத்தாரிற் பலரே அறியார்.

1930இல் 'த கொமெற்' என்ற இதழ் வெளிவந்தது. ரசிகர் தாமே எழுதித் தாமே வெளியிட்ட சிற்றிதழ்களுள் முதலாவது அதுவென்பர். நமது பாடசாலைகளிலே றோனியோ இயந்திரத்தில் வினாத்தாள் அடித்துக் கைகளெல்லாம் மை பூசிக்கொண்ட ஆசிரியர்களுக்கு இவ்விதழ்கள் உருவான விதத்தை விளக்க வேண்டியதில்லை. அந்த இயந்திரத்துக்கும் வழியில்லாதோர் ஜெலற்றின் பரப்பிய தட்டிலே ஊதா மைப் படியை அழுத்தி, அதன்மீது தாள்களை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தனர். ஐம்பது பிரதிகளைத் தாண்டுமுன்னரே மை மங்கிவிடும். சித்திரம் வரைவதற்கு அச்சுக்கட்டை செய்விக்கப் பணமில்லாத அவர்களுக்கு இம்முறை பெரும் வாய்ப்பாயிற்று; தாளில் வரைந்ததை அப்படியே படியெடுக்கலாமன்றோ? 'ரசிகர் ஓவியம்' என்று இன்று வழங்குவதன் தொட்டில் இந்த ஊதா மைத் தட்டேயாகும்.

இனிப் பத்து டொலர் சண்டைக்கு வருவோம். கேர்ண்ஸ்பாக் பின்னர் நடத்திய 'வொண்டர் ஸ்ரோரீஸ்' சஞ்சிகையின் 1934 ஜனவரி இதழில் டொனல்ட் வொல்ஹைம் என்னும் பத்தொன்பது வயது ரசிகனின் கதையொன்று வெளிவந்தது. அதற்குரிய பத்து டொலர் வரவில்லை. வொல்ஹைம் மற்றைய எழுத்தாளருக்குக் கடிதம் எழுதி விசாரித்தபோது, பணம் வராதவர் தாமொருவர் மட்டுமல்லர் என்பது தெரியவந்தது. பத்து டொலருக்குத் தனியொருவன் வழக்காட முடியாது. பலர் கூடினால் முடியும். அவர்கள் கூடி வழக்கறிஞரொருவரை அமர்த்தினர். கம்பனியும் பணத்தைக் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. எந்த முகவரிகளைச் சஞ்சிகை தன் விற்பனைக்காக வெளியிட்டதோ அந்த முகவரிகளின் வழியே உழைப்பாளர் ஒற்றுமை உருவாயிற்று. இதனைக் காட்டிலும் சிறந்த இயக்கவியற் பாடத்தை நாம் வகுப்பறையிலே கற்பிக்க இயலாது.

கேர்ண்ஸ்பாக் அதே 1934இல் தம் சஞ்சிகையின் ஆதரவில் 'விஞ்ஞானக் கற்பனைச் சங்கம்' ஒன்றை நிறுவி, ரசிகர் கழகங்களை அதன் கிளைகளாக்கியிருந்தார். 1935இல் வொல்ஹைம், ஜோன் மிஷெல், வில்லியம் சிகோரா ஆகிய மூவரும் அச்சங்கத்திலிருந்து விலக்கப்பட்டனர். இம்மூன்றாம் பெயரை வாசகர் நினைவிற் கொள்வாராக.

மிஷெல் கம்யூனிஸ்ட் சார்பினர். விஞ்ஞானம் உலகை மாற்றும் என்று ஓயாது பேசும் ரசிகர், அவ்விஞ்ஞானம் யார் கையில் இருக்கின்றது என்று கேளாதிருப்பது எங்ஙனம் என்பதே அவர் எழுப்பிய வினா. 1937 அக்டோபரில் பிலடெல்பியாவில் நிகழ்ந்த ரசிகர் கூட்டத்திலே அவரது உரை படிக்கப்பட்டது. அவருக்குத் திக்குவாய் இருந்தமையால் வொல்ஹைமே அதனைப் படித்தார். ஸ்பெயினிலே உள்நாட்டுப் போர் மூண்டிருந்த ஆண்டு அது. பாசிசத்தை எதிர்த்தும், விஞ்ஞான முறையிலமைந்த சோஷலிச உலகை ஆதரித்தும் ரசிகர் நிலையெடுக்க வேண்டுமென்று உரை கோரியது. கூட்டத்திற் பெரும்பான்மையோர் தீர்மானத்தை நிராகரித்தனர். கதை படிக்க வந்த இடத்தில் அரசியல் எதற்கு என்பதே அவர்தம் வாதம். இவ்வாதத்தை நாமும் நமது இலக்கியக் கூட்டங்களிற் கேட்டிருக்கிறோம்.

இவ்விடத்து நம் நாட்டுக்கு உரிய ஒரு சிறு செய்தியைக் கூறிச் செல்லல் தகும். அதே 1937 ஜனவரியில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துப் பிரமஞான சங்க மண்டபத்திலே ஏறத்தாழ இருபது பேர் கூடிய ரசிகர் மாநாட்டில் கலந்துகொண்டவருள் ஒருவர் ஆதர் சி. கிளார்க். 1956இலிருந்து 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்து, கொழும்பிலே 'சேர்' பட்டத்துடன் மதிக்கப்பட்ட அப்பெரியவரும், ரசிகர் சிற்றிதழ்களில் ஊதியமின்றி எழுதிப் பழகியவரே.

நியூயோர்க்கில் வொல்ஹைம், மிஷெல், பிரெடெரிக் போஹ்ல், சிரில் கோர்ன்ப்ளூத், றொபேட் லவுண்டெஸ் முதலியோர் 1938இல் 'பியூச்சரியன்ஸ்' என்ற குழுவை அமைத்தனர். பெரும்பாலோர் கையிற் காசில்லாத இளைஞர். பின்னர் அவருட் பலர் வீடொன்றை வாடகைக்கு எடுத்து ஒன்றாகவே உண்டு, உறங்கி, சண்டையிட்டு, கதை எழுதினர். போஹ்ல் இளங் கம்யூனிஸ்ட் கழகத்தின் உறுப்பினர். 1939இல் சோவியத்–ஜெர்மன் உடன்படிக்கை கைச்சாத்தானதன் பின்னர் அதினின்றும் விலகியவர். இவர்களைப் புரட்சி வீரராக்கிப் பாடும் எண்ணம் நமக்கில்லை. தொழிற்சாலை வாயிலில் துண்டுப்பிரசுரம் கொடுப்பதைக் காட்டிலும் எதிர்க்குழுவினரைச் சிற்றிதழில் ஏசுவதிலேயே அவர்தம் ஆற்றலின் பெரும்பகுதி செலவாயிற்று.

1939ஆம் ஆண்டு நியூயோர்க்கிலே உலகக் கண்காட்சி திறக்கப்பட்டது. 'நாளைய உலகம்' என்பது அதன் விளம்பரம். ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி அங்கே எதிர்கால நகரமொன்றை மாதிரியாக அமைத்திருந்தது. அகன்ற நெடுஞ்சாலைகளும் அவற்றிலே விரையும் மோட்டார் வண்டிகளுமே அக்கம்பனி கண்ட எதிர்காலம். அக்கண்காட்சியை ஒட்டி ஜூலை 2ஆந் திகதி, நகரின் கரவான் மண்டபத்திலே முதலாவது உலக விஞ்ஞானக் கற்பனை மாநாடு கூடியது. வந்தோர் ஏறத்தாழ இருநூறு பேர். பிராங்க் பால் சிறப்பு விருந்தினர். லொஸ் ஏஞ்செல்ஸ் நகரத்துத் தெருமுனையிலே பத்திரிகை விற்ற ரே பிராட்பரி என்னும் பதினெட்டு வயது இளைஞர், நண்பரிடம் கடன் வாங்கிய பணத்தில் வந்திருந்தார். அமைப்பாளர் மூவர்: சாம் மொஸ்கோவிற்ஸ், ஜேம்ஸ் டொராசி, மூன்றாமவர் வில்லியம் சிகோரா. ஆம், 1935இல் சங்கத்தினின்றும் விலக்கப்பட்ட அதே சிகோரா!

மண்டப வாயிலிலே வொல்ஹைம், மிஷெல், போஹ்ல், கோர்ன்ப்ளூத், லவுண்டெஸ், ஜாக் கிலஸ்பி ஆகிய அறுவரும் தடுத்து நிறுத்தப்பட்டனர். அமைப்பாளரின் சர்வாதிகாரத்தைக் கண்டிக்கும் மஞ்சள் அட்டைப் பிரசுரமொன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தமை அகப்பட்டதே உடனடிக் காரணம். கூட்டத்தைக் குழப்ப மாட்டோமென்று உறுதி தந்தால் உள்ளே விடலாமென்று மொஸ்கோவிற்ஸ் கூறினார், அவர்கள் மறுத்தனர். உண்மை என்னவெனில், அப்பிரசுரத்தை அச்சிட்டவர் டேவிட் கைல் என்னும் மற்றோர் இளைஞர். அவர் தடையின்றி உள்ளேயே இருந்தார். பியூச்சரியன் உறுப்பினரான ஐசாக் அசிமோவும் உள்ளே சென்றுவிட்டார். தாம் நண்பருடன் வெளியே நின்றிருக்க வேண்டுமென்ற உறுத்தல் அவருக்குப் பின்னாளில் இருந்தது. வெளியேற்றப்பட்டோர் அருகிலிருந்த சிற்றுண்டிச்சாலையிலே அமர்ந்து, வெளியே வந்த நண்பரோடு வாதித்துக்கொண்டிருந்தனர். ஆக, அந்த வாரத்து நியூயோர்க்கில் எதிர்காலங்கள் மூன்று இருந்தன: கண்காட்சியில் ஒரு கம்பனியின் எதிர்காலம், மண்டபத்தில் அரசியல் வேண்டாதோர் எதிர்காலம், கோப்பிக் கடையில் அனுமதி மறுக்கப்பட்டோர் எதிர்காலம்.

மண்டபத்தினுள்ளே அன்று நிகழ்ந்த வேறொன்றை அப்போது பலர் வேடிக்கையாகவே கண்டனர். லொஸ் ஏஞ்செல்ஸிலிருந்து வந்த பொரஸ்ட் அக்கர்மன், பச்சை மேலங்கியும் தொளதொளத்த காற்சட்டையுமாக இருபத்தைந்தாம் நூற்றாண்டு மனிதனைப்போல் உடுத்து வந்தார். பிராங்க் பாலின் ஓவியங்களும், 1936இல் வெளிவந்த 'வரவிருக்கும் உலகம்' பற்றிய எச். ஜி. வெல்ஸின் திரைப்படமும் அவ்வுடைக்கு ஆதாரம். அவருடன் வந்த மேர்ட்டில் டக்ளஸ் என்னும் பெண்மணியும் அவ்வாறே உடுத்திருந்தார். மாநாட்டிலே வேறெவரும் வேடம் புனையவில்லை. இன்று 'கொஸ்பிளே' என்று உலகறிந்த கலையின் மூலவராக அக்கர்மனையே நெடுங்காலம் சுட்டிவந்தனர். ஆனால் அவ்வுடைகள் இரண்டையும் வடிவமைத்துத் தைத்தவர் மேர்ட்டில் டக்ளஸே. எஸ்பெராந்தோ மொழி ஆர்வலரான அவர், தமது பெயரின் முதலெழுத்துகளை அம்மொழியின் எழுத்துப் பெயர்களால் அமைத்து 'மொரோயோ' என்று தம்மை அழைத்துக்கொண்டார். நாடுகளைக் கடந்த ஒரு பொதுமொழியில் நம்பிக்கை வைத்தோர் அக்காலத்து இடதுசாரிகளிடையேயும் பலர் இருந்தனர். அக்கர்மனோடு சேர்ந்து சிற்றிதழ் நடத்தியவரும் அவரே. 1964இல் அவர் இறந்தபோது, தாம் ஒரு கலையைத் தொடக்கி வைத்தவர் என்று எவரும் சொல்லக் கேட்டிருக்க மாட்டார். அக்கலைக்கு அப்போது பெயரே இல்லை.

அடுத்த ஆண்டு, 1940இல், சிகாகோ மாநாட்டிலே மாறுவேடப் போட்டி நடந்தது. முதற் பரிசு பெற்றவர் முன்சொன்ன பிரசுரக்காரர் டேவிட் கைல். அவர் அணிந்த கொடுங்கோலன் 'மிங்' உடையைத் தைத்தவர் லெஸ்லி பெரி என்ற பியூச்சரியன் பெண். இரு நிகழ்ச்சிகளிலும் மேடையில் நின்றவன் ஆண். ஊசி பிடித்தவள் பெண். சர்வாதிகாரத்தை எதிர்த்துப் பிரசுரம் எழுதிய கைகள் தையல் இயந்திரத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்பதையும் நாம் குறித்தல் வேண்டும்.

இவர்கள் ஒடுக்கப்பட்டோரா என்று முன்னர் கேட்டோம். தம்மை அவ்வாறு எண்ணிக்கொண்டார்கள் என்பதே சரியான விடை. 1940இல் ஏ. ஈ. வான் வோக்ற் எழுதிய 'ஸ்லான்' என்ற தொடர்கதை, சாதாரண மனிதரிலும் அறிவு மிக்க, அதனாலேயே வேட்டையாடப்படும் ஓரினத்தைப் பற்றியது. ரசிகர்கள் தம்மையே அவ்வினமாக எண்ணி மகிழ்ந்தனர். 1943இல் மிச்சிகனில் சிலர் கூடி வாழ்ந்த வீட்டுக்கு அப்பெயரையே வைத்தனர். ஏளனத்துக்கு ஆளானவன் ஏளனஞ் செய்வோரிலும் தான் உயர்பிறப்பென்று கனவு காண்பது விடுதலை உணர்வன்று. அது தலைகீழாக்கப்பட்ட சாதியுணர்வேயாகும். நாசிசம் உயர்பிறப்புப் பேசி ஐரோப்பாவைச் சுடுகாடாக்கிக்கொண்டிருந்த ஆண்டுகளிலே, அமெரிக்காவின் அறிவார்ந்த இளைஞர் இப்படியொரு கனவிற் சுகங்கண்டது நமக்குக் கசப்பாகவே இருக்கின்றது. இக்கலாசாரத்தின் சில மூலைகளில் இன்றும் பெண்களையும் கறுப்பினத்தவரையும் வெளியாராக நடத்தும் போக்கு தலைகாட்டுகிறதென்றால், அதன் வேர் இங்கேயும் உண்டு.

வெளியேற்றப்பட்டோரின் பிற்கால வாழ்வையும் ஒருவாறு கூறிவிடலாம். போஹ்லும் கோர்ன்ப்ளூத்தும் சேர்ந்து எழுதி 1953இல் நூலாக வெளிவந்த 'விண்வெளி வணிகர்' விளம்பரக் கம்பனிகள் உலகை ஆளும் காலத்தைக் காட்டியது. அமெரிக்காவிலே இடதுசாரிகள் வேட்டையாடப்பட்ட ஆண்டுகளில் அத்தகைய நூல் வெளிவந்தது சிறுசெயலன்று. பத்து டொலருக்காகப் போராடிய வொல்ஹைமோ, ஏஸ் பதிப்பகத்தின் ஆசிரியராக 1965இல் ரோல்கீனின் 'மோதிரங்களின் பிரபு' நாவலை, அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஓட்டையிருந்ததென்று காட்டி, ஆசிரியரின் அனுமதியின்றி மலிவுப் பதிப்பாக வெளியிட்டார். வாசகர் கொதித்தெழுந்த பின்னரே பதிப்பகம் ரோல்கீனுக்குப் பணம் கொடுக்க இசைந்தது. மனிதன் எந்தப் பக்கத்து நாற்காலியில் அமர்கின்றானோ அந்தப் பக்கத்து நியாயம் அவனுக்குத் தோன்றத் தொடங்கிவிடுகிறது போலும்.

ஊதா மைக் காலத்தின் மிகப் பெரிய சொத்து எது என்று கேட்டால் 'சுப்பர்மான்' என்றே கூற வேண்டும். கிளீவ்லாந்து நகரில் யூதக் குடியேறிகளின் பிள்ளைகளான ஜெறி சீகலும் ஜோ ஷூஸ்டரும் பாடசாலை நண்பர்கள். 1933 ஜனவரியில் தம் ரசிகர் சிற்றிதழிலே 'சுப்பர்மானின் ஆட்சி' என்ற கதையை வெளியிட்டனர். சீகல் எழுதினார், ஷூஸ்டர் வரைந்தார். அதில் அவன் தீயவன். பின்னர் அவனை எளியோரைக் காக்கும் வீரனாக மாற்றி ஆண்டுக்கணக்கிற் பதிப்பாளரிடம் அலைந்தனர். 1938இல் பதின்மூன்று பக்கக் கதையொன்றுக்கு, பக்கத்துக்குப் பத்து டொலராக, 130 டொலர் கிடைத்தது. அத்தொகையுடன் பாத்திரத்தின் உரிமை முழுவதும் கம்பனிக்குச் சென்றது. 1947இல் வழக்காடினர், உரிமை மீளவில்லை, கதையினின்றும் அவர்தம் பெயர்களும் அகற்றப்பட்டன. 1975இல், சுப்பர்மான் திரைப்படம் தயாராகும் வேளையில், சீகல் எழுதுவினைஞராகவும் ஷூஸ்டர் பெரும்பாலும் பார்வையிழந்தவராகவும் வறுமையில் இருப்பதை ஊர் அறிந்தது. சித்திரக்கலைஞர் கிளர்ந்தெழுந்தமையால் உரிமை வைத்திருந்த வார்னர் கம்பனி இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டொலர் உதவித்தொகை வழங்கவும், பெயர்களை மீண்டும் அச்சிடவும் இணங்கியது. அந்த 130 டொலரையும் உள்ளடக்கி 1938இல் எழுதப்பட்ட காசோலைத் தாள் 2012இல் ஏலத்தில் 160,000 டொலருக்கு விலைபோயிற்று.

கணினி விளையாட்டின் வரலாறும் இதே தடத்திற் செல்வதைக் காணலாம். 1961இல் டிஜிற்றல் எக்குவிப்மன்ற் கம்பனி மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கல்லூரிக்கு 'பி.டி.பி.–1' என்ற கணினியை வழங்கியது. அதன் விலை 120,000 டொலர். அங்கே மாதிரி இரயில் கழகத்தைச் சேர்ந்த இளைஞரும் அவர்தம் நண்பரும் விஞ்ஞானக் கற்பனைக் கதைப் பித்தர்கள், ஈ. ஈ. சிமித் எழுதிய விண்வெளிப் போர்க் கதைகளிலே ஊறியவர்கள். 1962இல் ஸ்ரீவ் ரசலும் தோழரும் இரு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்தும் 'ஸ்பேஸ்வார்' விளையாட்டை அதில் அமைத்தனர். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தினர். பீற்றர் சாம்சன் உண்மையான வான்மீன்களைப் பின்னணியில் மின்னச் செய்தார். டான் எட்வேட்ஸ் நடுவிலே சூரியனையும் அதன் ஈர்ப்பையும் சேர்த்தார். கணினியின் விசைகளை அழுத்தி முழங்கை நொந்தமையால் வேறிருவர் கையடக்கப் பெட்டிகளைச் செய்து கொடுத்தனர். எவரும் உரிமை கொண்டாடவில்லை. கேட்டவர்க்கெல்லாம் பிரதி கொடுக்கப்பட்டது. கணினிக் கம்பனியே அதனைத் தன் இயந்திரங்களைச் சோதிக்கும் நிரலாக வழங்கியது. ஒன்பது ஆண்டுகளின் பின், 1971இல், அவ்விளையாட்டைத் தழுவி நாணயம் இட்டு ஆடும் பெட்டி சந்தைக்கு வந்தது. அதனை ஆக்கிய நோலன் புஷ்னெலும் ரெட் டப்னியும் 1972இல் 'அற்றாரி'யை நிறுவினர். 1976இல் வார்னர் கம்பனி அற்றாரியை விலைக்கு வாங்கியது. சீகலுக்கு உதவித்தொகை கொடுத்த அதே வார்னர்தான்.

அற்றாரியில் விளையாட்டுகளை ஆக்கியோருக்கு மாதச் சம்பளம் உண்டு. பெட்டியிலே பெயர் இல்லை. வாரன் றொபினெற் என்பவர் தனியொருவராக ஆக்கிய 'அட்வென்சர்' இலட்சக் கணக்கில் விற்றது. அவ்விளையாட்டினுள்ளே எளிதிற் காணவொண்ணாத இரகசிய அறையொன்றை அவர் கட்டி, அதன் சுவரிலே தமது பெயரை எழுதிவைத்தார். எவருக்கும் சொல்லாமல் 1979இல் கம்பனியை விட்டு நீங்கினார். அடுத்த ஆண்டு ஒரு சிறுவன் அவ்வறையைக் கண்டுபிடித்தான். கோயிற் கட்டடத்திலே தன் சிற்றுளிக் குறியை எவருங் காணா மூலையிற் பொறித்துச் சென்ற சிற்பியின் வேட்கைக்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

அதே 1979இல் அற்றாரியின் நிரலாளர் நால்வர், தமக்குப் பெயரும் பங்கும் வேண்டுமென்று தலைமை அதிகாரியிடம் சென்றனர். விளையாட்டுப் பேழைகளைப் பொருத்தும் தொழிலாளியிலும் நீவிர் முக்கியமானவரல்லர் என்ற பொருளில் விடை கிடைத்ததென அவருள் ஒருவர் பின்னர் நினைவுகூர்ந்தார். அவ்விடையில், சொன்னவர் அறியாத ஓர் உண்மை இருந்தது. நிரல் எழுதியவனும் பேழை பொருத்தியவளும் கூலிக்கு உழைப்பவரே. ஆனால் நால்வரும் அப்பெண்களோடு சேரச் செல்லவில்லை. விலகித் தமக்கெனக் கம்பனி தொடங்கினர். 'அக்ரிவிஷன்' என்ற அக்கம்பனி ஆக்கியோர் பெயரைப் பெட்டியிலே அச்சிட்டது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. 2021 டிசம்பரில், அக்ரிவிஷனுக்குச் சொந்தமான 'ரேவன்' நிறுவனத்தில் விளையாட்டுகளைச் சோதித்துப் பிழை காணும் தொழிலாளர் பன்னிருவரின் வேலை நிறுத்தப்படுமென்று அறிவிக்கப்பட்டபோது, சகதொழிலாளர் வேலையைவிட்டு வெளிநடந்தனர். 2022 மே மாதத்தில் தொழிற்சங்கம் வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் 19 பேர் வேண்டுமென்றும் 3 பேர் வேண்டாமென்றும் வாக்களித்தனர். கம்பனியை 2023இல் மைக்ரோசொப்ற் ஏறத்தாழ 6,900 கோடி டொலருக்கு வாங்கியபோது, அச்சிறு சங்கமும் கூடவே சென்றது.

அமெரிக்காவைவிட்டு யப்பானுக்குச் செல்வோமாயின், 1939இன் வாயிற்காட்சி மீண்டும் எதிர்ப்படுகின்றது. 1960களின் இறுதியில் யப்பானிய மாணவர் போராட்டம் பல்கலைக்கழகங்களையே மூடவைத்தது. பின்னர் அது சிதறியது. அத்தலைமுறையினர் பலருக்குச் சித்திரக்கதை வெறும் சிறுவர் பண்டமாக இருக்கவில்லை. 1975இல் அந்நாட்டுச் சித்திரக்கதை மாநாடொன்று, தன்னைக் குறைகூறிய ஒருவருக்கு அனுமதி மறுத்தது. அதனை எதிர்த்து யொனேசாவா யொஷிஹிரோ முதலிய இளைஞர், எவரையும் வெளியே நிறுத்தாத ஒரு சந்தையை அமைக்க முற்பட்டனர். 1975 டிசம்பர் 21ஆந் திகதி தோக்கியோவிலே முதலாவது 'கொமிக் மார்க்கெற்' கூடியது. தாமே எழுதி வரைந்த சிற்றிதழ்களோடு 32 வட்டங்கள் வந்தன. ஏறத்தாழ 700 பேர் கலந்துகொண்டனர். அவருட் பெரும்பாலோர் பாடசாலைச் சிறுமியர். சிகாகோ மேடைக்குப் பின்னே ஊசியோடு நின்ற பெண், இங்கே முன்வரிசையில் தன் மேசைக்குப் பின் தானே அமர்ந்திருந்தாள்.

வேடம் புனைதலுக்குப் பெயர் கிடைத்ததும் அங்கேயே. உடை என்னும் ஆங்கிலச் சொல்லையும் விளையாட்டு என்னும் ஆங்கிலச் சொல்லையும் யப்பானிய நாவுக்கேற்பக் குறுக்கி, தகஹாஷி நொபுயுகி 1983இல் சஞ்சிகைக் கட்டுரையொன்றில் 'கொசுபுரே' என்று எழுதினார். மொரோயோ தைத்த பச்சை மேலங்கிக்கு நாற்பத்து நான்கு ஆண்டுகளின் பின்னர், பிறிதொரு கண்டத்தில் இடப்பட்ட பெயர் அது.

பிறர் உரிமையுள்ள பாத்திரங்களை வரைந்து விற்பது சட்டப்படி குற்றமாகலாம். ஆயினும் யப்பானியப் பதிப்பகங்கள் பெரும்பாலும் கண்டுங் காணாதிருந்தன. அதற்குக் காரணம் தயாளமன்று. 'கிளாம்ப்' முதலிய புகழ்பெற்ற குழுக்கள் அம்மேசைகளிலிருந்தே எழுந்தன. பயிற்சிச் செலவின்றி விளைந்த கலைஞரைக் கம்பனிகள் அறுவடை செய்தன. பசுபிக் வணிக உடன்படிக்கையையொட்டி, உரிமையாளர் முறையிடாமலே அரசு வழக்குத் தொடரலாமென்ற சட்டம் வரவிருந்தபோது ரசிகர் அஞ்சிக் குரலெழுப்பினர். 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், மூலநூலை அப்படியே படியெடுத்து விற்போரை மட்டுமே அவ்வாறு பிடித்தது. தழுவி வரைவோர் தப்பினர். 1990களிலிருந்து கம்பனிகளுக்கும் அங்கே தனிக்கூடங்கள் உண்டு. அவற்றின் முன் நிற்கும் வரிசைகளின் நீளத்தைக் கண்டால், இம்மேசைகள் எத்தனை காலம் மேசைக்குரியோரிடம் இருக்குமென்ற கவலை நமக்கு எழாமலில்லை.

ஆனால் ஒரு விதி இன்னும் மாறவில்லை. கொமிக் மார்க்கெற்றில் 'வாடிக்கையாளர்' என்று எவரும் இல்லை. விற்பவரும், வாங்குபவரும், ஊதியமின்றி ஒழுங்கு பார்ப்பவரும், வேடம் புனைந்து வருபவரும் 'பங்குபற்றுவோர்' என்ற ஒரே பெயராலேயே அழைக்கப்படுகின்றனர். 2019 டிசம்பரில் நான்கு நாட்களில் வந்தோர் தொகை ஏழரை இலட்சம். ஒவ்வொரு முறையும் மாலையில் முடிவு அறிவிக்கப்பட்டதும் மண்டபமெங்கும் கைதட்டல் எழும். கைதட்டுவோரும் அவர்களே, அக்கைதட்டலுக்கு உரியோரும் அவர்களே. பின்னர், கடைசி நாளாயின், வந்தவர்களிற் பலர் வீடு திரும்பாமல் நின்று, மேசைகளை மடக்கி, கதிரைகளை அடுக்கத் தொடங்குவர்.